நார்மல் என்று வந்த ரத்தம்

மூக்கு வைத்தியத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, முதலில் என் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். கதை அதற்குப் பிறகு.

போன மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஒரு ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காலையில் எழுந்தால் தும்மல், மூக்கில் தண்ணீர், கண்ணில் அரிப்பு. அதற்காக யாரோ ஒரு டாக்டர் அவள் ரத்தத்தை எடுத்து, உலகத்தில் உள்ள சாமான்கள் எல்லாவற்றுக்கும் அலர்ஜி பார்த்திருக்கிறார். கத்திரிக்காய், கோதுமை, கரப்பான் பூச்சி, இறால் என்று பக்கம் பக்கமாகச் சிவப்பு எழுத்து. கத்திரிக்காய் சாப்பிட்டால் அவளுக்கு ஒன்றும் செய்யாது, நேற்று வரை நன்றாகச் சாப்பிட்டவள்தான். ரிப்போர்ட்டைப் பார்த்த நாளிலிருந்து பயந்துபோய் ரசம் சோற்றோடு நிற்கிறாள். "டாக்டர் உன்கிட்ட என்னம்மா கேட்டார்?" என்றேன். "ஒன்னும் கேக்கல டாக்டரம்மா. ரத்தம் குடுத்துட்டு வரச் சொன்னாரு" என்றாள்.

நான் ரத்தப் பரிசோதனைக்கு எதிரி இல்லை. எங்கள் வட்டாரத்தில் அதை முதலில் எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது.

எண்பதுகளில் விழுப்புரத்தில் ஒரு மாடியில் எனக்கு கிளினிக். வாரத்தில் சில மாலைகளில் திண்டிவனம் போய், ஒரு மருந்துக் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் உட்காருவேன். மூக்கு பார்க்க ஒரு பொம்பளையா என்று முதலில் சிரித்தவர்கள் பிறகு வரிசையில் நின்றார்கள். அந்தக் காலத்தில் அலர்ஜி என்று சந்தேகம் வந்தால் எங்களுக்கு இருந்த வழி, தோலில் சொட்டு மருந்து வைத்து லேசாகக் குத்திப் பார்ப்பது. தடித்தால் அந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அப்போதுதான் மெட்ராஸில் ஒரு லேபில் ஐ.ஜி.இ. பார்க்க ஆரம்பித்தார்கள். அலர்ஜிக்காரர்கள் ரத்தத்தில் கூடுதலாகச் சுரக்கும் எதிர்ப்பொருள் அது. அதன் மொத்த அளவைச் சொல்வார்கள். குறிப்பிட்ட ஒரு பொருளுக்கு எதிரான அளவையும் சொல்வார்கள், ஆனால் அதற்குப் போதுமான பேருடைய ரத்தம் சேர வேண்டும், முடிவு வர வாரக் கணக்கில் ஆகும். நாங்கள் சாதாரணமாகக் கேட்டது மொத்த அளவைத்தான். விழுப்புரத்தில் சிறிய லேப் வைத்திருந்த ஒருவர் ரத்தத்தை எடுத்து, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, தானே பஸ் ஏறி மெட்ராஸில் கொடுத்துவிட்டு வருவார். பால் பாத்திரத்தைப் பிடிப்பதுபோல் மடியில் வைத்துக்கொண்டு போவார், பாவம்.

சாதிக் என்பவர் என்னிடம் வந்தது அந்தச் சமயத்தில்தான். ஊர் கோட்டக்குப்பம், வேலை வளைகுடா நாட்டில். லீவில் வந்திருந்தார். கூடவே அவர் அம்மா, மனைவி மெகருன்னிசா, மாமனார் காதர் பாய். காதர் பாய்க்கு விழுப்புரத்தில் மெத்தைக் கடை. எனக்கு முகம் தெரிந்தவர்தான், என் கிளினிக்கில் நோயாளி படுக்கும் மெத்தையே அவர் பஞ்சடித்துத் தைத்ததுதான். பாண்டிச்சேரி அவர்களுக்குக் கூப்பிடு தூரம். ஆனாலும் அங்கே போனால் ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று இவ்வளவு தூரம் வந்திருந்தார்கள். தும்மலுக்கு ஏன் இத்தனை ரகசியம் என்று எனக்கு முதலில் புரியவில்லை.

சாதிக்கின் அம்மாதான் பேசினார். "அங்க இருக்கிற வரைக்கும் ஒரு தும்மல் கெடையாது டாக்டரம்மா. வூட்டுக்கு வந்து கூடத்துல எங்களோட பேசிக்கினு இருப்பான், அப்பவும் ஒன்னும் இருக்காது. ராத்திரி அந்த ரூம்புக்குள்ள போனா போதும், ஆரம்பிச்சிரும். கண்ணு செவந்து, மூஞ்சி வீங்கி, விடிஞ்சி எந்திரிச்சி வரும்போது பாக்க முடியாது. போன லீவுலயும் இப்படித்தான்."

"கல்யாணம் ஆன புதுசுல?"

"அப்ப நல்லாத்தான் இருந்தான். ரெண்டு மாசமும் ஒன்னும் இல்ல."

அந்த அம்மா அறை என்றுதான் சொன்னார். ஆனால் சொன்னவர் உட்பட அங்கே இருந்த எல்லோருக்கும் அது மருமகள் என்றுதான் காதில் விழுந்தது. மெகருன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். ரகசியத்துக்குக் காரணம் அப்போது புரிந்தது.

நான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். வீட்டில் பூனை, கோழி உண்டா? இல்லை. அந்த அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி? நிறுத்திவிட்டார்கள். அறையில் புதிதாக ஏதாவது வைத்தீர்களா? "ஒன்னுமே மாறல டாக்டரம்மா, கல்யாணத்தன்னிக்கு எப்படி இருந்திச்சோ அப்படியே இருக்குது" என்றார் மாமியார். தோலில் சொட்டு வைத்துப் பார்க்கலாம் என்றால், சாதிக் வளைகுடாவில் புதிதாக வந்திருந்த ஒரு தும்மல் மாத்திரையை வாங்கிவந்து தின்றுகொண்டிருந்தார். அது உடம்பில் வாரக் கணக்கில் தங்கும். தும்மலை முழுவதும் நிறுத்தாது, ஆனால் தோல் சோதனையை ஒன்றுமில்லாமல் அடித்துவிடும். ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருளை எந்த மாத்திரையும் மறைக்காது. ஆகவே ரத்தப் பரிசோதனைதான் சரி என்று முடிவு செய்தேன். முடிவில் தப்பில்லை. இன்றைக்கும் அதே முடிவைத்தான் எடுப்பேன்.

அதே நேரத்தில் திண்டிவனத்தில் இன்னொருவர் இருந்தார். ஏழுமலை என்று பெயர், ஓமந்தூர் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்கிறவர். அவருக்கு மூக்கில் ஒரு பக்கம் எப்போதும் அடைப்பு. தும்மலும் கிடையாது, அரிப்பும் கிடையாது. டார்ச் அடித்தாலே நடுத்தண்டு வளைந்திருப்பது தெரியும். ஆனால் அவருடைய மகன் எங்கேயோ படித்துவிட்டு, எல்லாம் மல்லாட்டைத் தூசியால் வந்த அலர்ஜி, ரத்தம் டெஸ்ட் பண்ணியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். சரி, போகட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு பேர் ரத்தமும் ஒரே பிளாஸ்கில், ஒரே பஸ்ஸில் மெட்ராஸ் போயின.

முடிவு வந்த சாயங்காலம் நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். தும்மித் தும்மிக் கண் சிவந்த சாதிக்குக்கு நார்மல். ஒரு தும்மல்கூடப் போடாத ஏழுமலைக்கு எக்கச்சக்கம்.

பெயர் மாறிப்போயிருக்க வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. தோன்றியது என்ன, அப்படி இருந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று ஆசைப்பட்டேன். லேப்காரரைக் கூப்பிட்டுக் கேட்டதும் அவர் முகம் சுண்டிவிட்டது. "என் கையால பேரு ஒட்டி, என் கையால குடுத்துட்டு வந்தது மேடம். வேற எதுல வேணாலும் என்னைத் திட்டுங்க" என்றார். மறுநாள் காலையில் மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டேன். மீதியிருந்த ரத்தம் இரண்டையும் மறுபடி ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்பினோம், மாற்றம் எதுவும் இல்லை என்றார்கள்.

ஏழுமலையின் எண்ணுக்குக் காரணம் சில நாளில் தெரிந்தது. வெறுங்காலில் ஈர மண்ணில் நிற்கிற மனிதர். மலம் பரிசோதித்தால் கொக்கிப்புழு, பாதத் தோல் வழியே உடம்பில் ஏறுவது. குடலில் புழு இருந்தாலும் இந்த எதிர்ப்பொருள் ஏறும், அதற்கும் மூக்குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதற்குள் மகன் நிலத்தைக் குத்தகைக்கு விடப் பேச்சு ஆரம்பித்திருந்தான். புழு மாத்திரை கொடுத்து, வளைந்த தண்டை நேராக்க ஏற்பாடு செய்தேன். ஏழுமலைக்கு ஒரே சிரிப்பு. "மல்லாட்டைய குத்தம் சொல்லிக்கினு திரிஞ்சான் டாக்டரம்மா. பாத்தா பூச்சி என் வயித்துல குந்திக்கினு இருக்குது!" என்று மருந்துக் கடையில் நின்றவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். நம் ஊரில் வயல் வேலை செய்கிறவர்களின் மொத்த அளவு ஏறியிருந்தால் முதலில் காலைப் பாருங்கள், பிறகு மூக்கைப் பாருங்கள்.

சாதிக் கதை அப்படிச் சிரித்துக்கொண்டு முடியவில்லை.

டிரங்க் கால் போட்ட அதே நாள் மதியம் நான்கு பேரும் வந்துவிட்டார்கள். சாதிக் என் கையிலிருந்து ரிப்போர்ட்டை வாங்கித் தானே படித்தார். இங்கிலீஷில் நார்மல் என்று இருந்த இடத்தில் அவர் விரல் நின்றது.

"நார்மல்னு போட்டிருக்கு டாக்டர். அப்ப எனக்கு அலர்ஜி இல்ல, சரிதானே?"

"அப்படிச் சொல்ல முடியாது. இது மொத்தக் கணக்கு. மொத்தம் நார்மலா இருந்தும் ஏதோ ஒரு பொருள் மட்டும் ஒத்துக்காம இருக்கலாம். சந்தைக்கு வந்த கூட்டத்தை எண்ணிட்டா, நம்ம பர்ஸை அடிச்சவன் வந்தானா இல்லையான்னு தெரியாது பாருங்க."

எனக்கு அது நல்ல விளக்கமாகத்தான் பட்டது. சாதிக்கின் அம்மா என்னை நேராகப் பார்த்தார். "அப்ப எதுக்கும்மா ரத்தம் எடுத்தீங்க?"

அவரிடம் முன்பே சொல்லியிருந்தால் அது விளக்கம். முடிவு வந்த பிறகு சொன்னால் சப்பைக்கட்டு. அது எனக்கே தெரிந்தது.

"நானும் அங்க வேலைக்காக எத்தினியோ மெடிக்கல் டெஸ்ட் பாத்துட்டேன் டாக்டர்," என்றார் சாதிக். "நார்மல்னு வந்தா நார்மல்தான். அவ மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. நல்லாத்தான் இருக்கோம். ஆனா பக்கத்துல போனாலே இப்படி ஆகுதுன்னா நான் இன்னா பண்றது? பேஜாரா இருக்குது." சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அந்த மனிதரை என்னால் வெறுக்க முடியவில்லை. வருஷத்தில் கொஞ்ச நாள் மனைவியோடு இருக்க வருகிறவர், அந்தக் கொஞ்ச நாளும் கைக்குட்டையோடு போகிறது.

"உடம்புல கோளாறு இல்லன்னு ரத்தமே சொல்லிடிச்சி," என்றார் அம்மா. "பின்ன மனசுதான் ஒட்டலன்னு அர்த்தம். நான் அவளக் குத்தம் சொல்லல டாக்டரம்மா, தங்கமான பொண்ணு. அதுக்காக ரெண்டு பேரும் இப்படியே கஷ்டப்படணுமா? இவன் பொறப்பட்டதும் கொஞ்ச நாளு அவ உம்மா வூட்லயே இருக்கட்டும்னு பாக்குறேன்."

அந்தக் கொஞ்ச நாளுக்கு என்ன பொருள் என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். கணவன் விமானம் ஏறிய பிறகு பிறந்த வீட்டில் விடப்படும் பெண்ணைத் திரும்ப அழைக்க ஆள் வராது. அடுத்த லீவுக்குள் பேச்சுவார்த்தை முடிந்து, அவர் வேறு கல்யாணத்துக்குத் தயாராக வருவார். சாதிக் புறப்பட அதிக நாள் இல்லை.

காதர் பாய் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒத்தப் பொண்ணு டாக்டரம்மா," என்றார் யாரிடமோ சொல்வதுபோல். "சீருக்கு மெத்தை கூட ஆளை வச்சி அடிக்கல, நானே அடிச்சேன். ஒரு கொட்டை கெடையாது, அவ்வளவும் இலவம் பஞ்சு."

மற்றவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மெகருன்னிசாவை மட்டும் நிறுத்திக்கொண்டேன். கதவைச் சாத்தியதும் அவளே பேசினாள். இத்தனை நேரம் ஒரு வார்த்தை பேசாத பெண் கடகடவென்று கொட்டினாள்.

"மொதல்ல பூ வெக்கிறத வுட்டேன் டாக்டரம்மா. அப்பறம் அத்தர். அப்பறம் பவுடர். தலைக்கு எண்ணெய் மாத்தினேன், சோப்பு மாத்தினேன். அவுங்க அங்கேருந்து வாங்கியாந்த சேலையக் கூட கட்டல, அதுல ஏதாச்சும் இருக்குமோன்னு. இன்னும் எத வுடறதுன்னு தெரியல. நான்தான் பாக்கி."

அவர் ஊரில் இல்லாதபோது நீ அந்த அறையில்தான் படுப்பாயா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்றால், அவர் இல்லாத நாட்களைப் பற்றி அதுவரை நான் ஒன்றுமே கேட்கவில்லை.

"இல்லியே. மாமி கூட கூடத்துலதான் படுப்பேன். அவுங்க போன அன்னிக்கே ரூம்ப பூட்டிடுவோம். எங்க தெருவுல எல்லா வூட்லயும் அப்படித்தான். புருசன் இல்லாத ரூம்புல பொண்ணு ஒண்டியா படுக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க. அவுங்க வர்ற அன்னிக்குத்தான் தொறக்கறது. மாமி மெத்தைய தட்டிப் போட்டு, புது விரிப்பு போட்டு வெப்பாங்க."

"ஜன்னல்?"

"கடக்காத்து அடிக்கும்னு அதையும் சாத்திடுவோம்."

கடலோர வீடு. காற்றே போகாத அறை. ஒரு வருஷம் ஈரத்தை இழுத்துக்கொண்டு படுத்திருக்கும் பஞ்சு மெத்தை. கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் பெருக அதைவிட நல்ல இடம் வேண்டுமா? அவை விட்ட கழிவுதான் மெத்தையைத் தட்டியதும் எழும்பி, அதில் தலை வைத்தவர் மூக்கில் ஏறும். கல்யாணமான புதிதில் மெத்தையும் புதிது, அறையும் திறந்திருந்தது, அதனால் தும்மல் இல்லை. ஒன்றுமே மாறவில்லை என்று மாமியார் சொன்னது உண்மை. ஒன்றையும் மாற்றாமல் பூட்டி வைத்ததுதான் வினை.

ஆனால் இதெல்லாம் என் ஊகம். கையில் இருந்த காகிதம் எனக்கு எதிராகப் பேசியது. தூசிப் பூச்சிக்கென்று தனியாக ரத்தம் பார்க்கலாம், அது வருவதற்குள் சாதிக் போய்விடுவார். மெத்தையை மாற்றிப் பாருங்கள் என்று சொல்லலாம். தும்மல் குறைந்தால் மாத்திரை வேலை செய்தது என்பார்கள், மகள் வீட்டுச் சீரைத் தூக்கி எறிந்த வருத்தம்தான் காதர் பாய்க்கு மிஞ்சும். மெகருன்னிசா மேல் விழுந்த பழி அப்படியே இருக்கும். அது விலக வேண்டுமானால் ஒரே வழி, அவள் இல்லாமல் அவர் அந்த அறையில் படுக்க வேண்டும்.

தும்மினால் அவள் தப்பித்தாள். தும்மவில்லை என்றால்? என் ஊகம் தப்பாகி, காரணம் அவளுடைய ஏதோ ஒரு பொருளாக இருந்தால்? அல்லது அன்றைக்கென்று பார்த்து அவருக்கு மூக்கு சும்மா இருந்துவிட்டால்? நானே முன்னின்று அவளை அனுப்பி வைத்த மாதிரி ஆகிவிடும். ஆபரேஷன் மேஜையில் ரத்தம் நிற்காமல் கொட்டியபோதுகூட நான் அவ்வளவு தயங்கியதில்லை. எல்லாவற்றையும் அவளிடமே சொன்னேன், இரண்டு பக்கத்தையும் மறைக்காமல்.

"பண்ணுங்க டாக்டரம்மா. இப்படியே இருந்தாலும் அனுப்பத்தானே போறாங்க."

எல்லோரையும் உள்ளே கூப்பிட்டேன். இன்று ராத்திரி சாதிக் அந்த அறையில், அதே மெத்தையில், தனியாகப் படுக்க வேண்டும். மெகருன்னிசா மாமியாரோடு கூடத்தில் படுக்க வேண்டும், அறை வாசலைக்கூட மிதிக்கக் கூடாது. காலையில் எப்படி இருக்கிறது என்று வந்து சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம். இவ்வளவுதான் சொன்னேன். மாமியார் உடனே சரி என்றார்.

மறுநாள் என் நோயாளிகள் பாடு திண்டாட்டம். காது வலி என்றவரிடம் மூக்கைக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறிய பிறகுதான் அவர்கள் வந்தார்கள். சாதிக்கின் கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. கையில் கைக்குட்டை இல்லை, முழுத் துண்டு.

யாரும் பேசுவதற்கு முன்னால் அவர் அம்மா என் எதிரில் உட்கார்ந்தார். "விடியற வரைக்கும் தும்மிக்கினே இருந்தான் டாக்டரம்மா. இவ எங்கூடத்தான் படுத்திருந்தா, எங்கியும் போவல. என் கைய புடிச்சிக்கினு இருந்தா. உள்ள அவன் தும்மத் தும்ம, இவ என் கைய இறுக்கி இறுக்கிப் புடிக்கிறா. மொத மொத எனக்குப் புரியல. அப்பறம்தான் புரிஞ்சிச்சி, ஒவ்வொரு தும்மலுக்கும் இவ மேல இருந்த பழி கழியுதுன்னு." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

சாதிக் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

விஷயத்தை எடுத்துச் சொன்னேன். காதர் பாய்க்கு முகமே செத்துவிட்டது. "அப்ப என் மெத்தையா டாக்டரம்மா?" என்றார்.

"உங்க பஞ்சு இல்ல பாய். மாப்பிள்ளை உங்க கடைக்கு வந்து பஞ்சுக் குவியல் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சாரா இல்லியா?"

"குடிச்சாரு. முந்தாநாள் கூட."

"தும்மினாரா?"

அவர் யோசித்தார். தலையை ஆட்டினார். கொஞ்சம் உயிர் வந்தது. அறையைப் பூட்டியதுதான் காரணம் என்றதும் சாதிக்கின் அம்மா, "அவன் வரும்போது எல்லாம் புதுசா இருக்கணும்னுதானே பூட்டி வச்சேன்" என்று மறுபடி அழுதார். உங்கள் அன்பில் ஒரு குறையும் இல்லை, அந்த அறையில் காற்றுதான் குறை என்றேன். மெத்தையை வெளியேற்றி, அறையைக் கழுவி, ஜன்னலைத் திறந்து, மீதி லீவுக்குப் பாயில் படுக்கச் சொன்னேன். அவர் போன பிறகும் அறை திறந்தே இருக்க வேண்டும், அதில் மருமகள்தான் படுக்க வேண்டும், இது டாக்டர் உத்தரவு என்று கொஞ்சம் அதட்டலாகவே சொல்லிவைத்தேன். தெருவில் யாராவது கேட்டால் என் பேரைச் சொல்லுங்கள் என்றேன்.

சாதிக்கிடம் இன்னொரு முறை ரத்தம் எடுத்து, தூசிப் பூச்சிக்கென்று தனியாகப் பார்க்க அனுப்பினேன். மீதி நாட்களில் அவர் எப்போதாவது ஒரு தும்மல் போட்டதோடு சரி. பாயில் படுத்து எழுந்து நேராக ஏர்போர்ட் போனார். முடிவு அதற்குப் பல நாள் கழித்து வந்தது. பாசிட்டிவ், சந்தேகத்துக்கு இடமே இல்லை. ரத்தப் பரிசோதனை என்னைக் கைவிடவில்லை, சரியான கேள்வியைக் கேட்டதும் சரியான பதிலைச் சொல்லிவிட்டது. எனக்கு ஏக சந்தோஷம். மெகருன்னிசா பிறந்த வீட்டுக்கு வந்திருந்தபோது, சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தாள், அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ரிப்போர்ட்டை விரித்து வரி வரியாகக் காட்டினேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்: "அன்னிக்கு ராத்திரி அவுங்க தும்மாம இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க டாக்டரம்மா?"

"வேற காரணம் இருக்கு, தேடலாம்னு சொல்லியிருப்பேன்."

"அவுங்க கேட்டிருப்பாங்களா?"

ரிப்போர்ட்டை மெல்ல மடித்தேன். அவள் குத்திக்காட்டவும் இல்லை, கோபமாகவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்காக ஒரு தடவை சிரித்தாள். கூட வந்திருந்த மாமி கீழே காத்திருப்பார் என்று எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு நான் ரத்தம் எடுக்கும் முன்பே, வீட்டார் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொல்லிவிடுவேன். அளவு கூடுதலாக வந்தால் இது அர்த்தம், நார்மலாக வந்தால் இது அர்த்தம் இல்லை என்று. வாய் வலிக்கும், நேரம் போகும், வெளியே வரிசை முணுமுணுக்கும். நீங்களும் சொல்லுங்கள். சொல்லும்போது ரத்தம் கொடுக்கக் கையை நீட்டி உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துச் சொல்லாதீர்கள். அவருக்குப் பின்னால் ஒரு வார்த்தையும் பேசாமல் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.